வேர்க்கால்வாய்ச் சிகிச்சையும் அதற்குரிய பொருள்களும்

வாயில் நம் கண்ணுக்குப் புலனாவது பல்லின் ஒரு பகுதியே ஆகும். ஈறுக்கு வெளியே வெண்மையாகத் தோன்றுவது பல்லின் முடி. அதனினும் நீண்ட வேர்ப்பகுதி தாடையெலும்பினுள் புதைந்து நிற்கிறது. முடியைப் போர்த்தியிருப்பது எனாமல் எனப்படும் பற்சிப்பி. மனித உடலிலுள்ள பொருள்களுள் அதுவே மிகக் கடினமானது. அதன் உட்புறம் தந்தினி. தந்தினியின் நடுவே ஒரு சிற்றறையும், அவ்வறையிலிருந்து ஒவ்வொரு வேரின் நுனிவரை செல்லும் நுண்குழல்களும் உள்ளன. அறையையும் குழல்களையும் நிரப்பியிருக்கும் மென்மையான இழையமே பற்கூழ். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் வேர்நுனியின் சிறுதுளை வழியாக நுழைந்து இதனை உயிருடன் வைத்திருக்கின்றன.

உடலின் வேறோர் இடத்தில் அழற்சி கண்டால் அவ்விடம் வீங்கும். வீங்குவதற்கு அங்கே இடமும் இருக்கும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நாற்புறமும் கடினமான சுவர்களுக்குள் அது அடைபட்டிருப்பதால், வீக்கம் அழுத்தமாக மாறி நரம்பை நெருக்குகிறது. இரவில் படுத்தவுடன் தலைக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் சற்றே மிகுவதால் வலி தாங்கொணாததாகிறது. சில நாள்களில் வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. நோய் தீர்ந்தது என்று அப்போது பலர் மகிழ்கின்றனர். உண்மையில் தீர்ந்தது நோயன்று. நோயை அறிவித்துக் கொண்டிருந்த பற்கூழே மாண்டுவிட்டது. இரத்த ஓட்டம் நின்ற அக்குழல்களில் உடலின் பாதுகாப்புப் படை எதுவும் நுழைய இயலாது. மருந்தாக விழுங்கும் பெனிசிலினும் அங்கே சென்று சேராது. கிருமிகள் எவ்விதத் தடையுமின்றிப் பெருகி, வேர்நுனியைக் கடந்து எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன.

இந்நிலையில் செய்யத்தக்கவை இரண்டே. ஒன்று, பல்லைப் பிடுங்கிவிடுதல். மற்றொன்று, பல்லை அதன் இடத்திலேயே இருத்தி, உள்ளிருக்கும் அழுகலை நீக்கித் துப்புரவு செய்து, வெற்றிடத்தை அடைத்தல். இரண்டாவதே வேர்க்கால்வாய்ச் சிகிச்சை எனப்படுவது. அடைக்கும் பொருள் எது என்ற வினாவே வாசகர் மனத்தில் முதலில் எழும். ஆனால் இச்சிகிச்சையின் வரலாற்றை நோக்கினால், வெற்றி தோல்வியை முதலில் தீர்மானிப்பது உள்ளே வைத்த பொருளைவிட உள்ளிருந்து நீக்கத் தவறிய பொருளே என்பது புலனாகும்.

புழுவும் கிருமியும்

சொத்தைப் பல்லைப் ‘பூச்சிப் பல்’ என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு அதன் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று கிராமங்களில் நம்பினர். ஐரோப்பாவிலும் குரோசாணி ஓமத்தின் விதையைக் கொண்டு இதே வைத்தியம் நடந்து வந்தது. பல்லைப் புழு அரிக்கிறது என்னும் கொள்கையைப் பிரெஞ்சு பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தம் பெருநூலில் மறுத்தார். பல் நோய்க்கும் வாயிலுள்ள நுண்கிருமிகளுக்கும் உள்ள தொடர்பை பெர்லினில் ஆராய்ந்தவர் அமெரிக்கரான மில்லர். அவருடைய நூல் 1890-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கிருமி காரணம் என்ற இக்கருத்து ஒரு காலத்தில் எல்லை மீறியும் சென்றது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், வாயில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று வாதிட்டார். அதன் விளைவாக, பற்கூழ் இழந்த பற்கள் யாவும் குற்றவாளிகளாகக் கருதப்பட்டு, அடுத்த சில பத்தாண்டுகளில் எண்ணற்ற பற்கள் காரணமின்றிப் பிடுங்கப்பட்டன.

ஐயத்தைத் தீர்த்த சோதனை 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் செய்ததாகும். கிருமியே அணுகாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்களையும், சாதாரண எலிகளின் பற்களையும் ஒரே விதமாகத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகிச் சீழ்க்கட்டி உண்டாயிற்று. கிருமியற்ற எலிகளிலோ, துளையில் உணவுத் துணுக்குகள் அடைந்திருந்தும், பற்கூழ் மாளவில்லை. திறந்த இடத்தின் குறுக்கே புதிய தந்தினிப் பாலம் ஒன்றைக் கட்டிக்கொண்டது. காயமன்று, கிருமியே நோய்க்குக் காரணம் என்பது இதனால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. அதன்பின் இச்சிகிச்சையில் ஒரு பொருளின் தகுதியை மதிப்பிட ஒரே வினா போதுமானதாயிற்று: கிருமியை நீக்குவதற்கோ, மீண்டும் புகாமல் தடுப்பதற்கோ அது உதவுமா?

கால்வாயின் வடிவம்

ஆங்கிலத்தில் ‘கானால்’ எனப்படுவதைத் தமிழில் கால்வாய் என்று பெயர்த்து வழங்குகிறோம். மொழிபெயர்ப்பு பொருத்தமானதே, எனினும் அச்சொல் மனத்தில் எழுப்பும் தோற்றம் நம்மை ஏமாற்றக் கூடியது. கால்வாய் என்றவுடன், மனிதர் வெட்டிய, ஒரே அகலமுள்ள, நேரான நீர்வழி நினைவுக்கு வரும். வேரினுள் இருப்பதோ, ஆறு கடலை அடையுமிடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து, சில மீண்டும் கூடி, சில மணலில் மறையும் கழிமுகத்தையே ஒத்தது.

இதனை முதலில் விரிவாகக் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த வால்டர் ஹெஸ். பிடுங்கிய பற்களின் குழல்களினுள் ரப்பரைச் செலுத்தி, வெப்பத்தால் அதை இறுகச் செய்து, பின்னர்ப் பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டார். எஞ்சியது குழலின் அச்சு வார்ப்பு. 1917-லும், ஆங்கிலத்தில் 1925-லும் வெளியான அவ்வார்ப்புகளின் படங்களில் பக்கக் கிளைகளும், வலைபோன்ற இணைப்புகளும், வேர்நுனியில் பல வாய்களும் காணப்பட்டன. அதுவரை ஒரு வேருக்கு ஒரு குழல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். மூன்று வேர்கள் உடைய இப்பல்லில் மூன்று குழல்களைத் துப்புரவு செய்து அடைத்தால் வேலை முடிந்தது என்று நெடுங்காலம் கருதி வந்தனர். ஆனால் கன்னத்தை நோக்கிய முன்வேரில் பாதிக்கு மேற்பட்ட பற்களில் இரண்டாவது குழல் ஒன்று இருப்பது பின்னர்த் தெரிய வந்தது. அதன் வாய் தந்தினி மேட்டின் கீழ் மறைந்திருப்பதால் வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. எல்லாம் செவ்வனே செய்தும் வலி தீராத பல பற்களில், கண்டறியப்படாத இந்நான்காம் குழலே காரணமாக இருந்தது. உருப்பெருக்கும் நுண்ணோக்கியும், முப்பரிமாண எக்ஸ்-ரே முறையும் இத்துறையில் இடம்பெற்றதற்கு இப்பல் ஒரு முக்கிய காரணம் எனலாம். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லிலோ சில வேளைகளில் தனித்தனிக் குழல்களே இல்லாமல், பிறை வடிவில் ஒரே நீண்ட பிளவு காணப்படும். கிழக்கு ஆசிய மக்களிடையே இவ்வமைப்பு மிகுதி.

குழலோடு சிக்கல் முடிவதில்லை. தந்தினி திண்மையான சுவரன்று. பற்கூழை அடுத்த பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 40,000-க்கு மேற்பட்ட நுண்புழைகள் உள்ளன. அவற்றின் குறுக்களவு அங்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர். பாக்டீரியாக்கள் பல 1 மைக்ரோமீட்டர் அளவினவே. ஆகவே சுவரினுள்ளேயே அவை குடியேற முடியும்.

அரங்களும் அளவும்

வாஷிங்டன் நகரத்துப் பல் வைத்தியர் எட்வர்டு மேனார்டு 1838-இல் கடிகார வில்லைத் தேய்த்துக் கூராக்கி, பற்கூழை இழுத்தெடுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். வேர்க்கால்வாய்க்கென்றே அமைந்த கருவிகளுக்கு அதுவே மூதாதை. நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பம்போல் அளவுகளை வகுத்து வந்தது. ஒருவர் விற்ற 3-ஆம் எண் அரமும் மற்றவர் விற்ற 3-ஆம் எண் அரமும் ஒன்றல்ல. 1958-இல் இங்கிளும் லெவினும் முன்வைத்த திட்டத்தின் வழியே இக்குழப்பம் நீங்கிற்று. இன்று 25-ஆம் எண் அரம் என்றால் அதன் நுனி 0.25 மி.மீ. தடிப்புடையது, ஒரு மில்லிமீட்டருக்கு 0.02 மி.மீ. வீதம் பருத்து, 16 மி.மீ. நீளமுள்ள வெட்டும் பகுதியின் முடிவில் 0.57 மி.மீ. ஆகும்.

எஃகு அரம் வளைய விரும்பாது. வளைந்த குழலில் அதைச் செலுத்தினால் அது தானே நேராக முயன்று, வளைவின் வெளிப்புறச் சுவரை அரித்துப் படிக்கட்டு உண்டாக்கும். சில வேளைகளில் புதிய வழியே வெட்டிவிடும். இதற்கு மாற்றாக வந்தது நிக்கல்-டைட்டேனியக் கலப்புலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இவ்வுலோகத்தின் கம்பியை, பல் வரிசையைச் சீர்செய்வோர் முன்பே பயன்படுத்தி வந்தனர். அக்கம்பியிலிருந்து அரம் செய்யலாம் என்று 1988-இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டைன் ஆகியோர் காட்டினர். எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு வளையும் தன்மையுடைய இவ்வரங்களை இயந்திரத்தால் சுழற்றவும் முடிந்தது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. எஃகு அரம் ஒடியுமுன் பெரும்பாலும் முறுக்கவிழ்ந்து எச்சரிக்கும். நிக்கல்-டைட்டேனியமோ, வளைவில் பன்முறை சுழன்று களைத்தபின், வெளியில் யாதோர் அடையாளமும் காட்டாமலே திடீரென ஒடிந்து வேரினுள் தங்கிவிடும். ஆதலின் ஓர் அரத்தை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்ற கணக்கு வைத்தல் இன்றியமையாதது. சிக்கனம் கருதி அக்கணக்கை மறப்பது சிக்கனமாகாது.

அரம் எவ்வளவு தூரம் செல்லவேண்டும் என்பது மற்றொரு வினா. குழல் மிகக் குறுகும் இடம் பெரும்பாலும் வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. உள்ளே அமைந்துள்ளது. அங்கேயே நிறுத்துதல் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் 1899-இல் குழலினுள் ஈயக் கம்பியை வைத்து எக்ஸ்-ரே படம் எடுத்து நீளத்தை அறிந்தார். அக்கதிர்களின் தீங்கை அக்காலத்தார் உணராமையால், அவர் தம் விரல்களையும் பின்னர்க் கையையும் இழக்க நேர்ந்தது. 1962-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சுனாடா, வாயின் உட்சவ்வுக்கும் வேரைச் சூழ்ந்த இழையத்துக்கும் இடையிலுள்ள மின்தடை, எப்பல்லாயினும், எவ்வயதினராயினும், ஏறத்தாழ 6.5 கிலோ ஓம் என்று கண்டறிந்தார். அரத்தின் நுனி எங்கே நிற்கிறது என்பதை மின்சாரத்தால் அறிவிக்கும் இன்றைய கருவிகள் இந்த அடிப்படையில் பிறந்தவையே.

கழுவும் நீர்மங்கள்

அரம் எவ்வளவு சிறந்ததாயினும் குழலின் சுவர் முழுவதையும் தொடுவதில்லை. பல்லைக் கணிப்பொறி எக்ஸ்-ரேயால் நுண்ணடுக்குகளாகப் படமெடுத்து ஆராய்ந்த பீட்டர்ஸ் குழுவினர், எக்கருவியைக் கையாண்டாலும் சுவர்ப்பரப்பில் 35 சதவிகிதமோ அதற்கு மேலோ தீண்டப்படாமலே எஞ்சுவதை 2001-இல் கண்டனர். அரத்தின் வேலை, நீர்மம் செல்வதற்கு வழி அகற்றித் தருவது. துப்புரவை நிறைவேற்றுவது நீர்மமே.

இவற்றுள் தலையாயது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. சலவையில் துணி வெளுக்கப் பயன்படும் பொருளே இது. முதல் உலகப் போரில் காயங்கள் அழுகுவதைத் தடுக்க, 1915-இல் டாக்கின் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் இதன் 0.5 சதவிகிதக் கரைசலைத் தயாரித்துத் தந்தார். பல் வைத்தியத்தில் இப்போது 0.5 முதல் 5.25 சதவிகிதம் வரை கையாளப்படுகிறது. கிருமியைக் கொல்லும் பொருள்கள் பல உள. ஆனால் மாண்ட பற்கூழைக் கரைக்கும் ஆற்றல் இதற்கே சிறப்பாக உண்டு. கரைக்குந்தோறும் அதன் வீரியம் குன்றுவதால், அடிக்கடி புதிய கரைசலைப் பெய்தல் வேண்டும். மெல்லிய வெப்பமும் அதிர்வும் அதன் வேலையை விரைவுபடுத்தும்.

எனினும் இது உயிருள்ள இழையத்தையும் கரைக்கும் என்பதை மறத்தலாகாது. ஊசி குழலில் இறுகிய நிலையில் பிஸ்டனை அழுத்தினால் நீர்மம் வேர்நுனி கடந்து எலும்பினுள் பாயும். அக்கணமே கடும் வலியும், சில நிமிடங்களில் கன்னம் முழுவதும் வீக்கமும், பின்னர் நீலம் பாய்ந்த தழும்பும் தோன்றும். ஊசியைத் தளர்வாக வைத்து மெல்லச் செலுத்துதல் என்ற எளிய விதியை மீறியதன் விளைவே இது. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயின் எஞ்சிய பகுதியை மறைக்கும் ரப்பர்த் திரையும் கட்டாயம் வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த பார்னம் 1864-இல் கண்டுபிடித்த இச்சாதாரணத் துண்டு, நீர்மம் தொண்டையில் இறங்காமலும், அரம் வழுவி மூச்சுக்குழலில் விழாமலும், எச்சில் குழலில் புகாமலும் காக்கிறது. விலையில் மிகச் சிறியது. ஆயினும் நேரமில்லை என்ற காரணத்தால் பல இடங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

அரம் சுரண்டும்போது சுவரின்மேல் தூளும் ஈரமும் குழைந்து ஒரு பூச்சாகப் படிந்து புழைகளின் வாயை மூடிவிடும். இதில் கனிமப் பகுதியை ஹைப்போகுளோரைட்டு கரைப்பதில்லை. கால்சியத்தைப் பற்றி இழுக்கும் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளை நார்வே நாட்டு நிகோர்-ஓஸ்ட்பி 1957-இல் இப்பணிக்குக் கொண்டுவந்தார். இன்று 17 சதவிகிதக் கரைசல் வழக்கில் உள்ளது. இரண்டையும் ஒருங்கே கலத்தல் தவறு, ஈ.டி.டி.ஏ. மற்றதன் குளோரின் வீரியத்தைக் கெடுத்துவிடும். குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிநாசினி ஹைப்போகுளோரைட்டுடன் சேர்ந்தாலோ, செம்பழுப்பு நிறப் படிவு உண்டாகிப் பல்லைக் கறைப்படுத்தும்.

ஒரே அமர்வில் வேலை முடியாதபோது இடைக்கால மருந்தாகக் குழலில் வைக்கப்படுவது கால்சியம் ஹைட்ராக்ஸைடு. ஜெர்மானியரான ஹெர்மன் 1920-இல் இதைப் பல் வைத்தியத்தில் புகுத்தினார். வெற்றிலையுடன் நாம் சேர்க்கும் நீற்றுச் சுண்ணாம்பும் இதுவே என்றால் வாசகர் வியப்படையலாம். (வெற்றிலைச் சுண்ணாம்பைப் பல் குழியில் அடைத்தால் வாய் வெந்துபோகும் என்பதையும் உடன் கூறிவிடுதல் நலம்.) இதன் பி.எச். மதிப்பு சுமார் 12.5; இக்காரத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் மடிகின்றன. என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் ஓரினம் மட்டும், தன் உடலுள் அமிலத்தன்மையைக் காத்துக்கொண்டு உயிர் தரித்திருக்கிறது. தோல்வியுற்ற பற்களை மீண்டும் திறக்கும்போது இக்கிருமி அடிக்கடி காணப்படுவதில் வியப்பில்லை.

அடைக்கும் பொருள்கள்

தூய்மையாக்கிய குழலைக் காலியாக விட்டால் வேர்நுனி வழியே கசியும் ஊனீர் அதில் தேங்கும். தப்பியிருக்கும் கிருமிகளுக்கு அதுவே உணவாகும். ஆகவே அடைத்தல் வேண்டும். பொன் தகடு, மரக்குச்சி, பஞ்சு எனப் பலவும் முயலப்பட்டன. 1836-இல் ஸ்பூனர் என்பார் பற்கூழைக் கொல்ல வெள்ளைப் பாஷாணத்தைப் புகுத்தினார். அது பற்கூழோடு நிற்காமல் கசிந்து எலும்பையும் மாளச் செய்தது. ஃபார்மால்டிஹைடு கலந்த பசைகளின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. துப்புரவு செய்யும் உழைப்பைத் தவிர்த்து, அழுகலை மருந்தால் பதப்படுத்திவிடலாம் என்ற ஆசையே இத்தகைய பொருள்களைப் பிறப்பித்தது.

நிலைத்தது குட்டா பெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இது. நம் நாட்டு இலுப்பை, மகிழ மரங்களும், தோட்டத்துச் சப்போட்டாவும் அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ‘பாலி’ மரம் அதே பேரினத்தது. சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, மலாய் மக்கள் இதைக் கத்திப் பிடிகளுக்குப் பயன்படுத்துவதைக் கண்டு, 1843-இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இது பெருமளவில் செலவழிந்தது. பாலெடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தமையால் அக்காடுகள் அழிந்தன. 1867-இல் பௌமன் இதனை வேர்க்கால்வாயில் பயன்படுத்தினார்.

ரப்பரும் குட்டா பெர்ச்சாவும் ஐசோபிரீன் என்னும் ஒரே மூலக்கூறு கோத்த சங்கிலிகளே. கோப்பின் திசை மாறுபடுவதால் ஒன்று இழுபடுகிறது, மற்றொன்று இறுகி நிற்கிறது. பல் வைத்தியர் கையாளும் கூம்புக் குச்சியில் குட்டா பெர்ச்சா சுமார் ஐந்தில் ஒரு பங்கே. பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு. எக்ஸ்-ரேயில் நிழல் தெரிவதற்காக உலோக உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. வெப்பத்தால் இளகும் இதனை ஷில்டர் 1967-இல் சூடாக்கி அழுத்தி, பக்கக் கிளைகளிலும் புகுமாறு செய்யும் முறையை விளக்கினார். ஆனால் ஆறும்போது சுருங்கும், தந்தினியுடன் ஒட்டிக்கொள்வதுமில்லை. இடைவெளியை நிரப்ப ஒரு பசை தேவைப்படுகிறது. துத்தநாக ஆக்ஸைடும், கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலும் கலந்த பசை பழமையானது. நாளடைவில் கரையக் கூடியது. எபாக்ஸிப் பிசின் வகையும், கால்சியம் சிலிகேட்டு வகையும் பின்னர் வந்தன.

இத்தனை குறைகளுடன் ஒன்றரை நூற்றாண்டு இப்பொருள் நிலைத்ததேன்? போட்டியாக வந்தவற்றைப் பார்த்தால் விளங்கும். 1933-இல் ஜாஸ்பர் அறிமுகப்படுத்திய வெள்ளிக் குச்சிகள் வளைந்த குழலில் எளிதாகச் சென்றன, எக்ஸ்-ரேயில் அழகாகவும் தோன்றின. ஆனால் உள்ளே துருவேறி, நச்சுப்பொருள்களைக் கசியவிட்டன. 2004-இல் வந்த ஒருவகைப் பிளாஸ்டிக், பல்லோடு ஒன்றிப்போகும் என்ற நம்பிக்கையை ஊட்டியது. நாளடைவில் சிதைவதாகத் தெரிந்து வழக்கொழிந்தது. குட்டா பெர்ச்சாவோ உடலைத் துன்புறுத்துவதில்லை. தோல்வியுற்றால் கரைத்தும் இளக்கியும் வெளியே எடுத்துவிடலாம். தவறு நேரக்கூடிய வேலையில், திரும்ப எடுக்க முடிகின்ற பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு.

கருவி தவறி வேரின் பக்கத்தில் துளை விழுந்தால் குட்டா பெர்ச்சா உதவாது. ஈரமும் இரத்தமும் உள்ள அவ்விடத்தில் இறுகக்கூடிய பொருள் ஒன்றைக் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாடு குழுவினர் 1993-இல் வெளியிட்டனர். எம்.டி.ஏ. எனப்படும் அதில் நான்கில் மூன்று பங்கு, வீடு கட்டும் போர்ட்லண்டு சிமெண்டின் வகையே. ஐந்தில் ஒரு பங்கு பிஸ்மத் ஆக்ஸைடு. நீர் பட்டு இறுகும் சிமெண்டுக்கு ஈரம் பகையன்று. இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆவதும், பிஸ்மத் பல்லைக் கருக்கச் செய்வதும் இதன் குறைகள். விரைவில் இறுகும் புதிய கால்சியம் சிலிகேட்டுகள் இவற்றைப் பெரிதும் நீக்கியுள்ளன.

மேலடைப்பு

வேர்நுனியை அடைப்பதில் இவ்வளவு கருத்துச் செலுத்திய ஆராய்ச்சியாளர், வாயை நோக்கிய மேல்வாயிலைச் சிறிது காலம் மறந்திருந்தனர் எனலாம். ரேயும் டுரோப்பும் 1,010 பற்களின் எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவு, மேலடைப்பின் தரம் வேரடைப்பின் தரத்தினும் மிகுதியாகப் பயனை நிர்ணயிக்கிறது என்றது. இரண்டும் ஒக்க முக்கியமே என்று பின்னைய ஆய்வுகள் திருத்தின. எவ்வாறாயினும், எச்சில் மேலிருந்து ஊறி இறங்கினால் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

நம் நாட்டில் பல பற்கள் இழக்கப்படுவது இக்கட்டத்தில்தான். முதல் அமர்வில் வலி நின்றுவிடுகிறது. தற்காலிக அடைப்புடன் நோயாளி வீடு திரும்புகிறார். பயணச் செலவும் கூலி இழப்பும் அடுத்த அமர்வைத் தள்ளிப்போடச் செய்கின்றன. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இன்னொரு சாரார் சிகிச்சையை முடித்துக்கொண்டு, பல்லுக்கு உறை போடுவதை வீண் செலவென விட்டுவிடுகின்றனர். பிறகு கடலையோ முறுக்கோ கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கிறது. சிகிச்சையால் பல் உலர்ந்து உடைந்தது என்று பழி கூறுவர். 1989-இல் ரீயும் துணைவரும் அளந்தபோது, வேர்ச்சிகிச்சைக்காகத் திறப்பதனால் பல்லின் விறைப்பு 5 சதவிகிதமே குறைந்தது. சொத்தையை அகற்றி முன்பின் பக்கச் சுவர்கள் இரண்டையும் இழந்த பல்லிலோ 63 சதவிகிதம் குறைந்தது. பல்லை நலிவித்தது சொத்தையே. உறை என்பது எஞ்சிய சுவர்களைப் பிணைக்கும் பூண்.

குழந்தைகளின் பற்கள் தனிக் கவனத்திற்குரியவை. முதல் கடைவாய்ப்பல் ஆறாம் வயதில், பாற்பல் எதுவும் விழாமலே, வரிசையின் பின்னால் முளைக்கிறது. அதனால் பெற்றோர் பலர் அதையும் பாற்பல் என்றெண்ணி, சொத்தை விழுந்தாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகின்றனர். அது மீண்டும் முளைக்காது. அதன் வேர் முற்றி நுனி குவிய மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பற்கூழ் மாண்டால் வேர் குட்டையாகவும் மெல்லிய சுவருடனும், நுனி புனல்போல் விரிந்தும் நின்றுவிடும். அடைப்பதற்கு அங்கே தடுப்பே இல்லை. எம்.டி.ஏ.-யால் நுனியில் தடுப்பு அமைக்கலாம். ஆனால் சுவர் தடிக்காது.

இதற்காக வேறொரு வழி ஆராயப்பட்டு வருகிறது. கிருமியை நீக்கியபின், வேர்நுனிக்கு அப்பால் மெல்லத் தூண்டிக் குழலினுள் இரத்தம் கசியச் செய்து, அவ்வுறைகட்டியின்மேல் சிமெண்டு மூடியிடுகின்றனர். நிகோர்-ஓஸ்ட்பி 1961-இலேயே இவ்வெண்ணத்தைச் சோதித்தார். 2001-இல் இவாயாவும், 2004-இல் பாங்க்ஸும் டுரோப்பும் சிறார் பற்களில் இதன் பயனைக் காட்டினர். வேர் நீண்டு சுவர் தடித்த பற்கள் பல பதிவாகியுள்ளன. அவற்றுட் சிலவற்றைப் பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உள்ளே வளர்ந்திருந்தது பெரும்பாலும் பற்காரையையும் எலும்பையும் ஒத்த இழையமே. தந்தினியை ஆக்கும் உயிரணுக்கள் வரிசையாக நிற்கும் இயல்பான பற்கூழ் அங்கே காணப்படவில்லை.